ஒரே சிவப்பு

அந்த மலைச்சரிவின் படம் திரையில் ஏறும்போதெல்லாம் அக்கா தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று அந்தச் சுவரில் இருந்தது. அதைப் பார்த்தபடி தேநீர் குடிப்பாள். நிலவள அலுவலகத்தில் எல்லாருக்கும் இது பழகிப்போயிருந்தது. புதிதாக வேலைக்கு வந்த துப்புரவுப் பெண்மணி மட்டும் ஒரு நாள் கேட்டுவிட்டாள்: "இந்தம்மாவுக்கு யாராவது தண்டனை குடுத்திருக்காங்களா?"

தண்டனைதான். ஆனால் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது.

வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, எந்த நிலம் விளையும், எது ஈரம் பிடிக்கும், எது வெறும் கல் என்று சொல்வது அந்த அலுவலகத்தின் வேலை. சில ஆண்டுகளுக்கு முன்பு நில வாரியம், யாரும் சீந்தாத ஒரு மலைச்சரிவைத் துண்டு துண்டாக்கி, துணிந்தவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. தவணை முடிவதற்குள் விளைநிலமாக்கிக் காட்டினால் நிலம் அவர்களுக்கே. இல்லாவிட்டால் ரத்து. இப்போது தவணை முடிந்திருந்தது. ஆக்கினார்களா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் வேலை இந்த அலுவலகத்துக்கு வந்தது. அந்தச் சரிவில் ஒரு துண்டு அக்காவின் தங்கை குடும்பத்துடையது.

வேலை வந்த அன்றே அவள் மேலதிகாரியின் அறைக்குப் போனாள். "அதுல என் தங்கச்சி நிலம் இருக்கு சார். நான் பார்க்க மாட்டேன்."

"பார்க்காதீங்க. அதைப் பத்திப் பேசவும் செய்யாதீங்க," என்றார் அவர்.

அவளைப் பேசாமல் இருக்கச் சொல்வது மீனைப் பார்த்து நீந்து என்பதுபோல. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் மூத்தவள், அதனால் அக்கா. அலுவலகத்திலும் ஏன் எல்லாரும் அக்கா என்கிறார்கள் என்பது தெரியவில்லை. அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவரான ரேடார்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ரேடார் என்பது அவருக்கு விழுந்த பட்டப்பெயர். ரேடார் படங்களைப் பார்ப்பவர் அவர்தான் என்பது ஒரு காரணம். மேகம் மூடியிருந்தாலும் ரேடாருக்குத் தரை தெரியும், கதவு மூடியிருந்தாலும் இவருக்குச் சங்கதி தெரியும் என்பது இன்னொரு காரணம். காதில் விழுந்தது வாய் வழியாக வெளியே வந்தாக வேண்டும், அதுவரை மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. மலைச்சரிவைப் பார்க்கும் பொறுப்பு அவரிடம் போனது. அவருடைய மேசை அக்காவுக்கு இரண்டடி தள்ளி இருந்தது.

தங்கையின் கணவரை உறவில் எல்லாரும் 'கல்லு' என்பார்கள். அந்த நிலத்தை எடுத்த நாளில் ஒட்டிக்கொண்ட பெயர். "புத்தி இருக்கிறவன் மண்ணைப் பார்த்து எடுப்பான். இவன் கல்லைப் பார்த்து எடுத்திருக்கான்" என்று அக்காவின் அப்பா வாய்விட்டே சொன்னார். கல்லில் நார் உரிக்கப் பார்க்கிறான் என்றார் சித்தப்பா. கல்லு ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, கல்லைப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிய கல்லைச் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக அடுக்கினார். மழைநீர் வரிசைக்கு வரிசை தங்கி, மண்ணை விட்டுவிட்டுப் போகும் என்பது அவர் கணக்கு. பொறுக்கப் பொறுக்கக் கல் முளைத்தது. அவரும் விடவில்லை.

இதெல்லாம் அக்காவுக்குத் தங்கை சொல்லித் தெரியும். சொல்லி என்றால் கொஞ்சம் கொஞ்சமாக. சகோதரிகள் இருவருமே அதிகம் பேசுகிற சாதி இல்லை. ஒருத்தி போன் செய்வாள், மற்றவள் எடுப்பாள். "எப்படி இருக்கே?" "இருக்கேன்." பிறகு நெடுநேரம் சும்மா இருப்பார்கள். "இதுங்க ரெண்டும் போன்ல மூச்சு விட்டுக்குதுங்க" என்பாள் அம்மா. அந்த மூச்சிலிருந்தே தங்கை களைத்திருக்கிறாளா, சாப்பிட்டாளா, அழுதாளா என்று அக்காவால் சொல்லிவிட முடியும். சொல்லாமல் விட்டதைப் படிப்பதுதானே அவள் பிழைப்பும்.

அந்த அலுவலகத்துக்கென்று ஒரு பாஷை உண்டு. அங்கே பச்சையைச் சிவப்பு என்பார்கள். உயிருள்ள இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வாரி இறைக்கிறது. அந்த ஒளியைப் பிடித்து, படத்தில் சிவப்பாகக் காட்டுவது அவர்கள் வழக்கம். செழித்த வயல் ரத்தச் சிவப்பாக இருக்கும், வாடிய பயிர் வெளிறித் தெரியும், வெறுந்தரை சாம்பல்நீலமாகக் கிடக்கும். நாள் முழுவதும் இதையே பார்த்துப் பார்த்து, "உங்க செடி நல்லா சிவந்திருக்கு சார்" என்று மேலதிகாரியின் ஜன்னலோரப் பூந்தொட்டியைப் புகழ்வது அங்கே சாதாரணம். ரேடார் ஒருமுறை காய்கறிக் கடையில் மறதியாக, "நல்ல சிவப்பா ஒரு கட்டு கீரை குடும்மா" என்று கேட்க, கடைக்காரம்மா பீட்ரூட்டை எடுத்து நீட்டினாளாம். அவரும் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டாராம்.

ஆனால் அகச்சிவப்புக்கு மேகம் ஆகாது. அந்தப் பருவத்தில் மேகம் சரிவின் மேல் வந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. படத்துக்குப் படம் வெள்ளைப் பஞ்சுதான் வந்தது. வேறு வழியின்றி ரேடார் தன் ரேடாரை எடுத்தார்.

அக்கா நாற்காலியைத் திருப்பினாள்.

"அக்கா, நான் உங்ககிட்ட பேசலை," என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எனக்கு நானே பேசிக்கிறேன்."

அக்கா சுவர் ஓட்டையைப் பார்த்தாள்.

"வெள்ளை வெளேர்னு இருக்கே இந்தத் துண்டு. கரடுமுரடு. கல்லாவேதான் இருக்கும்போல. ச்சே, பாவம்."

ரேடார் அலை வழவழப்பான தரையில் பட்டால் வழுக்கி ஓடிவிடும், அந்த இடம் கறுப்பாகத் தெரியும். கரடான இடத்தில் பட்டால் சிதறித் திரும்பும், அந்த இடம் பளீரென்றிருக்கும். இது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு இன்னொன்றும் தெரியும். ரேடார் படம் எப்போதும் உப்பும் மிளகும் தூவியதுபோலப் பொரிப்பொரியாகத்தான் வரும். அந்தப் பொரியை அடக்க, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து சமப்படுத்துவார்கள். மற்றவர்கள் ஓரளவோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் பட்டுப்போல ஆகும்வரை விடமாட்டார். படத்துக்கு இஸ்திரி போடுகிறார் என்று அவளே அவரைக் கேலி செய்திருக்கிறாள்.

இஸ்திரி போட்டால் கோடுகள் கரைந்துபோகும். கல்வரிசையும் அதற்கு நடுவில் இருக்கும் மண்ணும் கலந்து, மொத்தமும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும்.

ஒரு வாக்கியம் போதும். 'இஸ்திரி போடாமப் பாருங்க.' அது வயிற்றிலிருந்து எழுந்து தொண்டைவரை வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் அதன்மேல் தேநீரை ஊற்றி விழுங்கினாள். மேலதிகாரிக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் வாய் திறந்து அந்த நிலம் தப்பித்தால், நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? அக்கா தயவில் கிடைத்தது என்று சொல்லும். இத்தனை காலம் குனிந்து நிமிர்ந்த அந்த முதுகுக்கு ஒரு மதிப்பும் இருக்காது. அப்பாவின் கேலியில் அரை உண்மை வந்து சேர்ந்துவிடும். நிலம் போனாலும் போகட்டும், அது மட்டும் கூடாது. அப்படி நினைத்தாள். நிலம் போனால் தங்கை எங்கே போவாள் என்றும் நினைத்தாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்ததில் தேநீர் ஆறிப்போனது.

அன்று மாலை தங்கைக்குப் போன் செய்தாள்.

"மழையா?"

"விடலை."

"அவரு?"

"கல்லு அடுக்கறாரு."

மூச்சு விட்டுக்கொண்டார்கள்.

மேகம் கலைந்தது ஒரு காலையில், யாரும் கேட்டுக்கொள்ளாமலே. அகச்சிவப்புப் படமெடுக்கும் செயற்கைக்கோள் சரியாக அந்த நேரம் பார்த்து அந்த வழியே போயிருந்தது. படம் வந்ததும் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பினாள். பின்னால் சத்தமே இல்லை. ரேடார் பேசாமல் இருப்பது அலுவலகத்தில் மின்சாரம் போனதுபோல. இரண்டு மேசை தள்ளி இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு நானே பேசிக்கிறேன்," என்று ஆரம்பித்தார் கடைசியில். "கல்லுல எப்படிங்க சிவப்பு? ரேடார் கல்லுன்னுது. இது செடின்னுது. ரெண்டு சாட்சியும் ரெண்டு விதமா சொன்னா யாரோ ஒருத்தன் பொய் சொல்றான்னு அர்த்தம்."

நாற்காலி கிறீச்சிட்டது. கணினிச் சுட்டியைச் சொடுக்கும் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது.

"அட, நான்தான் பொய் சொல்லியிருக்கேன்! இஸ்திரி போட்டே கெடுத்திருக்கேன்! கோடு கோடா இருக்குய்யா! கல்லு தானா வரிசையில போய் நிக்குமா? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க நிக்கற மாதிரி நிக்குது. ஒரு வரிசை கல்லு, ஒரு வரிசை செடி, ஒரு வரிசை கல்லு... எந்த மகராசன் இப்படி அடுக்கினான்!"

அக்கா தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் கைதட்டிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

மேலதிகாரி வந்தார். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். இன்னொருவரையும் பார்க்கச் சொன்னார். சரிவின் மற்றத் துண்டுகளையும் இஸ்திரி போடாமல் மறுபடி பார்க்க வைத்தார். எல்லாம் முடிந்து முடிவில் கையெழுத்தும் ஆன பிறகு, மறுநாள் மதியம், அவள் நாற்காலியின் பின்புறத்தைத் தட்டினார்.

"வாரியத்துக்கு அனுப்பியாச்சு. இன்னும் எதுக்கு அந்த ஓட்டையைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க? திரும்புங்க."

திரும்பினாள்.

கல்வரிசைகள் மெல்லிய வெள்ளைக் கோடுகளாக, மலையின் வளைவோடு வளைந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே சிவப்பு. வெளிறாத, கரையாத, அடர்ந்த சிவப்பு. கீழ்வரிசைகளில் கெட்டியாகவும், மேலே போகப் போகக் கொஞ்சம் இளசாகவும் இருந்தது. மேலே அடுக்கியதெல்லாம் சமீபத்தில் அடுக்கியது போலும். ஒரு மனிதனின் குனிந்த முதுகு வானத்திலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது. அக்கா சிரித்தாள். முதலில் லேசாக, பிறகு அடக்கமுடியாமல், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு. அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பது ரேடாருக்கே தெரியாத சங்கதி.

உடனே தங்கைக்குச் செய்தி அனுப்பினாள். சரிவில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் போன் பேசமுடியும், ஆனால் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

'சிவப்பு! ஒரே சிவப்பு! நாளைக்கு வர்றேன்.'

பதில் சாயங்காலம் வந்தது. 'சரிக்கா.'

அவ்வளவுதான். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அவளானாலும் அப்படித்தான் எழுதியிருப்பாள்.

மறுநாள் ஒரு பெட்டி இனிப்போடு பேருந்தைப் பிடித்தாள். அடிவாரத்தில் இறங்கி ஏறத் தொடங்கியபோது வழியில் இரண்டு துண்டு நிலங்களின் மூலையில் மரமுளை நட்டு, தலையில் சிவப்புச் சாயம் அடித்திருந்ததைப் பார்த்தாள். பரவாயில்லையே, வாரியத்துக்காரர்களும் நம் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டார்களே என்று மகிழ்ந்துபோனாள். அந்த நிலங்களில் ஏன் முள்ளைத் தவிர ஒன்றும் இல்லை என்று மட்டும் விளங்கவில்லை. ஏறுகிற மூச்சிரைப்பில் அதை அதிகம் யோசிக்கவும் இல்லை.

கொட்டகைக்குப் பாதிக் கூரைதான் இருந்தது. மீதித் தகரம் கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது. கல்லு ஏணியில் நின்றுகொண்டு ஒரு தகரத்தின் திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது.

"என்ன தம்பி, வீட்டைப் பெருசாக்கறீங்களா? அதுக்குள்ளயேவா?" என்றாள் அக்கா.

கல்லு திரும்பிப் பார்த்தார். சவரம் செய்யாத முகம். "வாங்கக்கா. அவங்க வந்து வெளிய போன்னு சொல்ற வரைக்கும் இருக்க வேணாம்னுதான்... நாமளே மானத்தோட கிளம்பிடலாம்னு."

"எதுக்குக் கிளம்பணும்?"

தங்கை உள்ளேயிருந்து பாத்திர மூட்டையோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "நீதானேக்கா சொன்னே, சிவப்புன்னு."

"ஆமா, சிவப்பு!" என்று அக்கா முகமெல்லாம் பல்லாக இனிப்புப் பெட்டியை நீட்டினாள்.

தங்கை பெட்டியைப் பார்த்தாள். அக்காவின் சிரிப்பைப் பார்த்தாள். "இதுக்கு இனிப்பு வேறயா?"

பக்கத்து நிலத்துத் தேனீக்களின் ரீங்காரம் மட்டும் கேட்டது. வழக்கமாக இந்த மாதிரி மௌனத்தில் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிடும். இன்று ஒன்றும் விளங்கவில்லை. தங்கை மெல்லக் கையை நீட்டி, சரிவின் கீழே முள் மண்டிய நிலத்து மூலையைக் காட்டினாள்.

"அதோ, அந்தச் சிவப்பு. பாதியிலேயே விட்டுட்டுப் போனவங்க நிலத்துல போன மாசமே அடிச்சுட்டாங்க. ரத்துன்னா சிவப்பு முளை. குடுத்தாச்சுன்னா பச்சை முளை. நாங்க அதைத்தானே நினைச்சோம்."

அக்கா பக்கத்திலிருந்த கல்வரிசையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அடியே... எங்க ஆபீஸ்ல செடின்னா சிவப்புடீ. பச்சைப்பசேல்னு இருக்கறது படத்துல சிவப்பாத்தான் தெரியும். உங்க நிலம் உங்களுக்குத்தான். நேத்து மத்தியானமே முடிவாயிடுச்சு."

ஏணியின் மேலிருந்து திருகாணி ஒன்று கீழே விழுந்து உருண்டது.

தங்கை தோளில் கிடந்த துண்டை உருவினாள். "பச்சையா இருக்கறதைச் சிவப்புன்னு சொல்றதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்று ஒரு அடி. "நேத்துலேருந்து அழுது அழுது..." என்று இன்னொரு அடி. மூன்றாவது அடிக்குத் துண்டை ஓங்கியவள் அப்படியே அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

"ஐயோ, கோழி!" என்று கத்தினார் கல்லு. ஏணியில் பாதியிலிருந்தே குதித்தார். "கோழியெல்லாம் தேன்காரருக்குக் குடுத்துட்டேனே!"

தேன்காரர் பக்கத்து நிலத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர். மூவரும் போனபோது அவர் புதுக் கோழிகளுக்குத் தானியம் இறைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரர்போல நின்றார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"குடுத்தது குடுத்ததுதான். காலையில ஒண்ணு முட்டையே போட்டுடுச்சு. அது என் வீட்டுப் பொண்ணாயிடுச்சு, இனிமே அனுப்ப முடியாது."

"நேத்து அழுதுக்கிட்டே குடுத்தேன்யா," என்றார் கல்லு.

"நானும் அழுதுக்கிட்டேதான் வாங்கினேன்."

பேச்சு வளர்ந்தது. கடைசியில் தேன்காரர் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார். "அம்மா, வானத்துலேருந்து என் நிலம் என்ன நிறம்? அதைச் சொல்லுங்க. கோழியைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"முடிவு அனுப்பியாச்சு, இனி சொல்லலாம். உங்களுதும் சிவப்புதான். வடக்கு ஓரத்துல மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கு."

"வடக்கு ஓரத்துலதானே பெட்டி வெச்சிருக்கேன்!" தேன்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். பிறகு கோழிகளை அவரே துரத்திப் பிடித்துக் கொடுத்தார், அந்த முட்டைக்காரியைத் தவிர. அதைக் கல்லுவும் கேட்கவில்லை.

கல்லு தகரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்க, சகோதரிகள் கல்வரிசையின் மேல் உட்கார்ந்து இனிப்புப் பெட்டியைப் பிரித்தார்கள். வரிசைக்குக் கீழே அவரைச் செடிகள் காற்றில் இலை திருப்பிக்கொண்டிருந்தன. அக்காவுக்கு அவற்றைப் பச்சையாகப் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, வேறு உடையில் தெரிந்தவரைப் பார்ப்பதுபோல.

"நேத்து உன் செய்தியைப் படிச்சதும் அவரு ஒண்ணும் சொல்லலைக்கா," என்றாள் தங்கை. "இங்கதான் வந்து உக்காந்தாரு. ரொம்ப நேரம் கழிச்சு, 'உன்னை இழுத்துட்டு வந்து கல்லு பொறுக்க வெச்சுட்டேன், மன்னிச்சுக்கோ'ன்னாரு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை."

"நீ என்ன சொன்னே?"

"அடுத்த இடத்துல கல்லு கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லாயிருக்கும்னேன்."

அக்கா அவளைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் அவரு அழுதாரு."

ஏணி மேலிருந்து திருகாணி முறுக்கும் ஓசை வந்துகொண்டிருந்தது. தன் தவறுக்காக வெட்கப்படலாமா வேண்டாமா என்று அக்கா யோசித்துப் பார்த்தாள். வேண்டாம் என்று தோன்றியது. இன்னொரு இனிப்பை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வாரியத்து ஆள் இரண்டு சாய டப்பாக்களோடு ஏறி வந்தார். முளையை அடித்து நட்டு, பச்சை டப்பாவைத் திறந்தார்.

"சிவப்பு அடிங்க," என்றார் கல்லு.

"யோவ், சிவப்புன்னா ரத்து."

"எங்க வீட்டுல அப்படி இல்லை."

வாரியத்து ஆள் அக்காவைப் பார்த்தார். "இவருக்கு என்னம்மா ஆச்சு?"

"நிலம் கெடைச்ச சந்தோஷம். நீங்க பச்சையே அடிங்க," என்றாள் அக்கா. ஆனால் அவர் இறங்கிப் போகும்போது, அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்த சிவப்பு டப்பா எப்படியோ தேன்காரர் வீட்டுப் பக்கமாகக் காணாமல் போயிருந்தது. மதியத்துக்குள் இரண்டு நிலத்துக்கும் இடையிலிருந்த பெரிய கல் சிவந்துவிட்டது.

அக்கா ஊர் திரும்பினாள். அலுவலகத்தில் நாற்காலி நேராக இருந்தது. இஸ்திரி போடுவதை விட்டுவிட்டதாக ரேடார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்பு, கோழி, மன்னிப்பு என்று முழுக் கதையும் அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று அவள் கேட்கவில்லை.

அன்று மாலை போன் வந்தது. தொட்டி மேல் காற்றடிப்பது கேட்டது.

"எப்படி இருக்கே?" என்றாள் அக்கா.

"சிவப்பா இருக்கேன்," என்றாள் தங்கை.

பிறகு நெடுநேரம் மூச்சு விட்டுக்கொண்டார்கள்.